கணிப்பொறிப் பக்கம்: கோப்பைத் திறக்க யாருக்கு அனுமதி?



கடற்கரையூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கடிதத்தை முன்வைத்தே இத்திங்கள் இப்பகுதியை எழுத வேண்டியதாயிற்று. அவருடைய கணவர் வெளிநாட்டில் பணிபுரிகிறார். சகோதரியோ வீட்டிலிருந்தவாறே துணி வாணிபம் செய்கிறார். சேலைகளையும் துப்பட்டிகளையும் தவணைக்குக் கொடுத்து, மாதந்தோறும் வசூலித்து, யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு செலுத்தினார், நிலுவை என்ன என்பதையெல்லாம் ஒரே கோப்பில் கணிப்பொறியில் எழுதி வருகிறார். மூத்த மகனுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிதான் வீட்டிலுள்ள ஒரே கணிப்பொறி. வீட்டார் ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் அதனுள் நுழைகின்றனர். கணக்குக் கோப்பு மட்டும் எல்லாரும் பார்க்கத்தக்க பொதுக் கோப்புறையில் இருந்தது.

சகோதரி விவரமானவர். கோப்பை யாரும் தவறுதலாகத் திருத்திவிடக் கூடாதென்று அதனை 'வாசிக்க மட்டும்' என மாற்றியும் வைத்திருந்தார். ஆயினும் ஒரு நாள் காலையில் திறந்து பார்த்தபோது கோப்பையே காணவில்லை. இளைய மகன் தன் விளையாட்டுக்கு இடம் வேண்டிப் பொதுக் கோப்புறையைத் துப்புரவு செய்தபோது அதனையும் சேர்த்து நீக்கிவிட்டான். ஏறத்தாழ நாற்பது குடும்பங்களின் கொடுக்கல் வாங்கல் அதில் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், முந்திய மாதம் அச்சிட்டு வைத்திருந்த படி ஒன்று அலமாரியில் கிடைத்தது. எஞ்சியவற்றை நினைவிலிருந்தும் வாடிக்கையாளரிடம் கேட்டும் நிரப்பியிருக்கிறார். இருவர் விஷயத்தில் மட்டும் 'நான் கொடுத்துவிட்டேன்', 'எனக்கு நினைவில்லை' என்னும் பேச்சு இன்னும் ஓயவில்லையாம்.

அவர் கேட்டிருக்கும் வினா இதுதான்: "ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாதபடி பூட்டிய கோப்பை, முழுவதுமாக அழிக்க மட்டும் முடிவது எங்ஙனம்?"

கேட்க வேண்டிய கேள்வி. பல ஆண்டுகள் இத்துறையில் பணியாற்றியவர்களிலும் இதற்குச் சரியான விடை சொல்லத் தடுமாறுவோர் உண்டு. விடையை விளங்கிக் கொள்ள, லினக்ஸ் என்னும் இயங்குதளம் கோப்புகளுக்கு அனுமதி வழங்கும் முறையைச் சற்று அடியிலிருந்தே காண்போம்.

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கி மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸ் தொகுப்பும் சேர்த்தே தரப்பட்டது. அதனை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். ஆகவே லினக்ஸ் என்பது ஏதோ பெரிய அலுவலகங்களுக்கு உரிய பொருள் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. நம் கைகளிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இயங்குவதும் லினக்ஸின் கருவே. அங்கு ஒவ்வொரு செயலியும் தனித்தனிப் பயனராகக் கருதப்பட்டு, ஒன்றின் கோப்பை மற்றொன்று தொடாதவாறு, நாம் இங்கே காணவிருக்கும் இதே முறையினால்தான் பிரித்து வைக்கப்பட்டுள்ளது.

இம்முறையின் வேர் லினக்ஸைவிடப் பழையது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மரே ஹில் என்னுமிடத்திலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை அமைக்கத் தொடங்கினர். 1971 நவம்பர் 3 எனத் தேதியிட்ட அதன் முதற் கையேட்டிலேயே அனுமதியை மாற்றும் கட்டளை இடம்பெற்றுவிட்டது. அன்று அதில் உரிமையாளர், மற்றவர் என்னும் இரு பிரிவுகளே இருந்தன. இடையில் 'குழு' என்னும் பிரிவு சில ஆண்டுகளுக்குப் பின்னரே வந்து சேர்ந்தது. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கியபோது இம்முறையை அப்படியே ஏற்றுக் கொண்டார். அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அது பெரிதும் மாறவில்லை.

ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்து கொள்ளும்போது என்ன நேரும் என்பதை யூனிக்ஸுக்கு முன்பே எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் பட்டறிந்திருந்தனர். அங்கு 1960களில் பலர் ஒரே காலத்தில் பயன்படுத்தும் கணிப்பொறி அமைப்பு ஒன்று இயங்கி வந்தது. ஒரு நாள் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக, எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் வரிசையாகத் திரையில் வந்து நின்றன! பொறுப்பாளர் இருவர் ஒரே வேளையில், ஒருவர் கடவுச்சொல் கோப்பையும் மற்றவர் அறிவிப்புக் கோப்பையும் திருத்திக் கொண்டிருந்தனர். திருத்தும் மென்பொருள் இரண்டுக்கும் ஒரே தற்காலிகப் பெயரைச் சூட்டியதால் அவை இடம் மாறிவிட்டன. எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததன்று. வீடுகளில் நிகழும் சேதங்களும் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே.

பத்துக் குறிகள்

லினக்ஸில் 'டெர்மினல்' என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எல், எஸ் என்னும் இரு சிற்றெழுத்துக்களை இட்டு, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு ஒன்றும் மீண்டும் எல் எழுத்தும் இட்டு, என்டர் பொத்தானை அழுத்துங்கள். அக்கோப்புறையில் உள்ளவை ஒவ்வொன்றும் ஒரு வரியாகத் தோன்றும். வரியின் தொடக்கத்திலுள்ள பத்துக் குறிகளே நமக்குரியவை. அச்சுத் தமிழில் எழுதினால் இவ்வாறிருக்கும்:

- ஆர் டபிள்யூ -   ஆர் - -   - - -

முதற் குறி அது எவ்வகைப் பொருள் என்பதைச் சொல்கிறது. வெறுங்கோடாயின் கோப்பு, டி எழுத்தாயின் கோப்புறை. அடுத்த ஒன்பதும் மூன்று மூன்றாகப் பிரியும். முதல் மூன்று உரிமையாளருக்கு. நடு மூன்று குழுவினர்க்கு. கடைசி மூன்று ஏனைய அனைவர்க்கும். ஆர் என்றால் வாசிக்கலாம். டபிள்யூ என்றால் எழுதலாம். எக்ஸ் என்றால் நிரலாக இயக்கலாம். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடு இருப்பின் அவ்வனுமதி இல்லை. எனவே மேற்கண்ட வரியின் பொருள்: உரிமையாளர் வாசிக்கவும் எழுதவும் செய்யலாம், குழுவினர் வாசிக்க மட்டும் செய்யலாம், பிறர்க்கு ஒன்றுமில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வந்தவர் உரிமையாளரா என்பதை லினக்ஸ் முதலில் பார்க்கும். ஆம் எனில் உரிமையாளருக்குரிய மூன்று குறிகளோடு நின்றுவிடும். அடுத்தவற்றைப் பார்ப்பதே இல்லை. ஆதலால் உரிமையாளருக்கு வாசிக்கும் அனுமதியை நீக்கி, பிறர்க்கு அதனை அளித்தால், ஊரார் எல்லாரும் வாசிக்கக்கூடிய கோப்பை உடையவர் மட்டும் வாசிக்க இயலாமல் போகும்! கேட்பதற்கு வேடிக்கையாக இருப்பினும் அதுவே உண்மை. அவர் விரும்பினால் அனுமதியைத் திரும்ப மாற்றிக் கொள்ளலாம். ஏனெனில் அனுமதியை மாற்றும் உரிமை கோப்பின் உரிமையாளருக்கும், 'ரூட்' எனப்படும் நிருவாகிக்கும் மட்டுமே உண்டு.

மாற்றும் கட்டளையின் பெயர் சி, எச், எம், ஓ, டி என்னும் ஐந்து சிற்றெழுத்துக்கள். 'சேஞ்ச் மோட்' என்பதன் சுருக்கம். இனி இதனைச் 'சிஎச்மோட்' என்றே எழுதுவோம்.

இக்கட்டளையோடு வரும் 640, 755 போன்ற எண்களைக் கண்டு பலரும் மருள்கின்றனர். கடை வைத்திருப்போர்க்கு இதனை விளக்குவது எளிது. உங்கள் தராசில் ஒரு கிலோ, இரண்டு கிலோ, நான்கு கிலோ என மூன்றே எடைக்கற்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒன்று முதல் ஏழு கிலோ வரை எந்த எடையையும் இவற்றைக் கொண்டு நிறுத்துவிடலாம். அதுமட்டுமன்று, ஒவ்வோர் எடைக்கும் ஒரே ஒரு சேர்க்கைதான் உண்டு. ஐந்து என்றால் நான்கும் ஒன்றும், வேறு வழியில்லை. இங்கு வாசித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. ஆறு எனில் வாசிக்கவும் எழுதவும்; ஏழு எனில் மூன்றும்; சுழியம் எனில் எதுவுமில்லை. மூவர்க்கு மூன்று இலக்கங்கள். ஆக,

சிஎச்மோட் 640 கணக்கு

என்னும் கட்டளை, 'கணக்கு' என்னும் கோப்பை உரிமையாளர் வாசிக்கவும் எழுதவும், குழுவினர் வாசிக்க மட்டும், பிறர் எதுவும் செய்யாதிருக்கவும் ஆக்கிவிடும். மகள் எழுதும் நாட்குறிப்பு, மருத்துவ அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம் போன்றவற்றுக்கு 600 பொருத்தமானது.

எண் வேண்டாதார் எழுத்தாலும் சொல்லலாம். யூ என்றால் உரிமையாளர், ஜி என்றால் குழு, ஓ என்றால் பிறர், ஏ என்றால் அனைவரும். கூட்டல் குறி அனுமதி தரும். கழித்தல் குறி நீக்கும். சமக்குறி உள்ளதை அழித்துப் புதிதாக அமைக்கும். 'சிஎச்மோட் ஜி-டபிள்யூ கணக்கு' என்றால் குழுவினரின் எழுதும் அனுமதி மட்டும் நீங்கும். ஏனையவை இருந்தபடியே இருக்கும். ஓ என்பதை 'ஓனர்' எனக் கருதிவிடாதீர்கள். ஓ என்பது 'அதர்ஸ்', அதாவது அயலார். தமக்கு அனுமதி தருவதாக எண்ணி ஊருக்கெல்லாம் திறந்துவிட்டோர் பலர்.

கோப்புறையின் கதை வேறு

இனிச் சகோதரியின் வினாவுக்கு வருவோம்.

கோப்புக்கு உள்ள அதே மூன்று எழுத்துக்கள் கோப்புறைக்கும் உண்டு. ஆனால் பொருள் வேறு. கோப்புறை என்பது, உண்மையில், ஒரு பெயர்ப் பட்டியல். இன்னின்ன பெயர்கள், அவை குறிக்கும் கோப்புகள் வட்டில் இன்னின்ன இடத்தில் உள்ளன என்னும் அட்டவணையே அது. கோப்புகளின் உள்ளடக்கம் அதில் இல்லை. கோப்புறையை வாசிக்கும் அனுமதி என்றால் அப்பட்டியலிலுள்ள பெயர்களைப் பார்க்கலாம். எக்ஸ் அனுமதி என்றால் அக்கோப்புறைக்குள் கால் வைத்து, பெயர் தெரிந்த கோப்பை அணுகலாம். எழுதும் அனுமதி என்றால், எக்ஸும் உடனிருக்குமாயின், பட்டியலில் புதுப் பெயரைச் சேர்க்கலாம், பெயரை மாற்றலாம், பெயரை அடித்துவிடலாம்.

கோப்பை அழித்தல் என நாம் சொல்வது பட்டியலிலிருந்து அதன் பெயரை அடிப்பதைத்தான். அச்செயல் கோப்பின் மீது நிகழ்வதன்று. கோப்புறையின் மீது நிகழ்வது. ஆகவே அழிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும்போது லினக்ஸ் கோப்பின் அனுமதியைப் பார்ப்பதில்லை. கோப்புறையின் அனுமதியைத்தான் பார்க்கிறது. பூட்டிய பெட்டியைத் திறக்கத் திறவுகோல் வேண்டும். பெட்டியைத் தூக்கிக் கொண்டு போக, அது வைக்கப்பட்ட அறையின் கதவு திறந்திருந்தால் போதும். சகோதரியின் பொதுக் கோப்புறை எல்லாருக்கும் எழுதும் அனுமதியுடன் திறந்து கிடந்தது. இளைய மகனால் கணக்கில் ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாது. ஆனால் கணக்கையே இல்லாமல் ஆக்க முடிந்தது.

கட்டளைச் சாளரத்திலிருந்து 'ஆர்எம்' கட்டளையால் அழிக்க முயன்றிருந்தால், 'இது எழுதத் தடை செய்யப்பட்ட கோப்பு, நீக்கவா?' என்று ஒரு முறையேனும் அது கேட்டிருக்கும். அதுவும் மரியாதைக்காகக் கேட்பதே. ஆம் என்றால் நீக்கிவிடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பல எழுது மென்பொருள்கள் சேமிக்கும்போது பழைய கோப்பினுள் எழுதுவதில்லை. புதிய கோப்பு ஒன்றை உண்டாக்கிப் பழைய பெயரை அதற்குச் சூட்டிவிடுகின்றன. எனவே திறந்த கோப்புறையில் 'வாசிக்க மட்டும்' என்னும் காப்பு, திருத்துவதற்கு எதிராகக்கூட உறுதியானதன்று.

அப்படியாயின் வீட்டார் எல்லாரும் பொருள் வைக்கவும், ஒருவர் பொருளை மற்றொருவர் நீக்காதிருக்கவும் வழி உண்டா? உண்டு. கோப்புறைக்கு 'ஸ்டிக்கி' என்னும் சிறப்புக் குறி ஒன்று இருக்கிறது. அது இடப்பட்ட கோப்புறையில் கோப்பின் உரிமையாளர், கோப்புறையின் உரிமையாளர், நிருவாகி ஆகிய மூவரன்றி வேறெவரும் அக்கோப்பை நீக்கவோ பெயர் மாற்றவோ இயலாது. ஒவ்வொரு லினக்ஸிலும் எல்லாரும் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் 'டெம்ப்' கோப்புறை இக்குறியுடன்தான் வருகிறது. அதன் எண் 1777.

சகோதரியின் வீட்டுக்கு நான் சொல்லும் ஏற்பாடு பின்வருமாறு. 'குடும்பம்' என்று ஒரு குழுவை அமைத்து வீட்டாரை அதில் சேர்க்க வேண்டும். குழுப் பெயரையும் பயனர் பெயரையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடுவதே வழக்கம். கோப்புகளுக்கு மட்டும் தமிழிலேயே பெயரிடலாம்.

சூடோ க்ரூப்ஆட் குடும்பம்
சூடோ யூசர்மாட் -ஏஜி குடும்பம் உம்மா
சூடோ சிஎச்ஓன் உம்மா:குடும்பம் பொது
சூடோ சிஎச்மோட் 3770 பொது

இரண்டாம் வரியை ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியே இட வேண்டும். அதில் ஏ சிற்றெழுத்து, ஜி பேரெழுத்து. அந்த ஏ எழுத்தை விட்டுவிட்டால் அவர் முன்பிருந்த பிற துணைக் குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கப்பட்டு இக்குழுவில் மட்டும் எஞ்சுவார். நிருவாக உரிமையே கையைவிட்டுப் போனோரும் உண்டு. சேர்த்தபின் அவரவர் வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் குழு நடைமுறைக்கு வரும்.

3770 என்பதிலுள்ள முதலிலக்கம் புதிது. அதில் 1 என்பது மேற்சொன்ன ஸ்டிக்கி. 2 என்பது, அக்கோப்புறையில் பிறக்கும் ஒவ்வொரு கோப்பும் உண்டாக்கியவரின் சொந்தக் குழுவுக்குப் பதிலாகக் 'குடும்பம்' என்னும் குழுவைச் சேர்ந்ததாக வேண்டும் என்பது. இரண்டும் சேர்ந்து 3. இதன் பின் கணக்குக் கோப்பை உம்மாவின் பெயரில் அங்கே புதிதாக எழுதிச் சேமித்து, 640 இட்டுவிட்டால், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் வாப்பாவும் பிள்ளைகளும் நிலுவையைப் பார்க்கலாம். உம்மாவைத் தவிர யாரும் எழுதவும் முடியாது, நீக்கவும் முடியாது.

முதலிலக்கத்தில் 4 என்பதும் உண்டு. அதை நீங்கள் ஒருபோதும் இட வேண்டியதில்லை. ஆனால் அதன் வரலாறு சுவையானது. பயனர் ஒவ்வொருவரும் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக் கொள்ள வேண்டும். ஆனால் கடவுச்சொற்களின் மறைகுறி வடிவம் இருக்கும் கோப்பில் நிருவாகி மட்டுமே எழுத முடியும். இத்தகைய சிக்கல்களைத் தீர்க்கவே, சில நிரல்கள் அவற்றை இயக்குபவரின் அதிகாரத்தில் இயங்காமல் நிரலின் உரிமையாளருடைய அதிகாரத்தில் இயங்குமாறு டென்னிஸ் ரிட்சி அக்குறியை வகுத்தார். 1973 ஜூலையில் விண்ணப்பித்து, 1979 ஜனவரியில் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. பின்னர் அது பொதுமக்களின் பயன்பாட்டுக்கே விடப்பட்டது.

எல்லாவற்றுக்கும் 777

சகோதரியின் கடிதத்தில் என்னைத் திடுக்கிடச் செய்த வரி கடைசியில் இருந்தது. கணிப்பொறி பழுது பார்ப்பவர் ஒருவர், 'அனுமதிச் சிக்கல் ஏதும் வராமலிருக்க எல்லாவற்றுக்கும் 777 போட்டுவிடுங்கள்' என்று கூறினாராம். அவ்வாறே செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்.

கூடாது. 777 என்றால் எல்லாரும் எல்லாமும் செய்யலாம் என்று பொருள். அனுமதிச் சிக்கல் அத்துடன் தீரும் என்பது மெய்தான்; கதவுகளை எல்லாம் கழற்றிவிட்டால் பூட்டுச் சிக்கலும் தீரும். அதிலும், கட்டளையோடு பேரெழுத்து ஆர் சேர்த்து, உட்கோப்புறைகள் அனைத்துக்கும் பரவுமாறு இட்டால், ஒவ்வொரு கோப்புக்கும் முன்பு என்ன அனுமதி இருந்தது என்னும் செய்தியே அழிந்துபோகும். சிஎச்மோட் கட்டளைக்குத் திரும்பப் பெறும் பொத்தான் கிடையாது.

இயங்குதளத்தின் கோப்புகள் மீதே இதனை ஏவிவிட்டால் விளைவு உடனே தெரியும். நிருவாக அதிகாரத்தை வழங்கும் 'சூடோ' நிரல், தன் அமைப்புக் கோப்பை யாரும் எழுதலாம் என்றிருப்பதைக் கண்டால் பணிபுரிய மறுத்துவிடும். தொலைவிலுள்ள கணிப்பொறியோடு இணைக்கும் 'எஸ்எஸ்எச்' நிரலும் அவ்வாறே. உங்கள் இரகசியத் திறவுகோல் கோப்பைப் பிறர் வாசிக்கலாம் என்றிருந்தால், 'அனுமதி மிகத் திறந்துள்ளது' என்று கூறி அதனை ஏற்காது. பழுது பார்ப்பவர்களைவிட இந்நிரல்களுக்கு எச்சரிக்கை அதிகம்.

பரவலாக மாற்றியே ஆக வேண்டிய தேவை நேரின், 644 போன்ற ஓர் எண்ணை எல்லாவற்றுக்கும் இடுவதும் தவறு. கோப்புறைகளுக்கும் அவ்வெண்ணே விழுந்து, எக்ஸ் நீங்கி, பெயர் தெரிந்தும் உள்ளே நுழைய முடியாத நிலை ஏற்படும். இதற்கென்றே பேரெழுத்து எக்ஸ் ஒன்று உள்ளது. அது கோப்புறைகளுக்கும், முன்பே இயக்க அனுமதி உள்ள கோப்புகளுக்கும் மட்டும் எக்ஸ் வழங்கும். வெறும் கணக்குக்கும் கடிதத்துக்கும் வழங்காது. எழுத்து முறையை நான் எண்ணினும் மேலாகக் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்காவலின் எல்லை

இவ்வளவையும் கற்றபின், 600 இட்ட கோப்பை இனி உலகில் எவரும் பார்க்க முடியாது என்று எண்ணிவிடலாகாது. மூன்று செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ரூட் எனும் நிருவாகிக்கு ஆர், டபிள்யூ எழுத்துக்கள் தடையாவதில்லை. வீட்டில் யாருக்குச் சூடோ அதிகாரம் இருக்கிறதோ அவர் எல்லார் கோப்பையும் திறக்க வல்லவர். எனவே அதனை எல்லாப் பெயர்களுக்கும் வழங்காதீர்கள். கணிப்பொறி யாருடையதோ அவரிடம், அல்லது வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இருந்தால் போதும். சகோதரி வீட்டில் அது மூத்த மகனிடம் இருக்கிறது. தாயின் வாணிபக் கணக்கும் தங்கையின் நாட்குறிப்பும் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும். அவனிடம் இதனைச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, பென் டிரைவ். அவை பெரும்பாலும் விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே வாசிக்கத்தக்க ஃபேட் அமைப்பில் வருகின்றன. அவ்வமைப்பில் உரிமையாளர், குழு, அனுமதி ஆகியவற்றை எழுதி வைக்க இடமே இல்லை. வீட்டில் 600 ஆக இருந்த கோப்பு பென் டிரைவுக்குப் படியெடுக்கப்பட்டவுடன் வெறும் கோப்பாகிவிடும். அதனைக் கண்டெடுப்பவர் யாராயினும் வாசிக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மூன்றாவது. அனுமதிகளைக் காப்பது இயங்கிக் கொண்டிருக்கும் லினக்ஸ்தான். மடிக்கணினியைப் பழுது பார்க்கக் கொடுக்கிறோம். அங்கே வேறொரு பென் டிரைவிலிருந்து இயந்திரத்தைத் தொடங்கினாலோ, வட்டைக் கழற்றி மற்றொரு கணிப்பொறியில் மாட்டினாலோ, அந்தக் கணிப்பொறிக்கு ரூட் அவர்களே. உங்கள் 600 அங்கே ஒரு பொருட்டன்று. குடும்பத்துப் பெண்களின் நிழற்படங்கள், திருமண வீட்டுக் காட்சிகள், மருத்துவச் சீட்டுகள் யாவும் திறந்த புத்தகம். இதற்குச் சிஎச்மோட் மருந்தாகாது. வட்டு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்வதே உரிய காப்பு. லினக்ஸை நிறுவும்போதே பல தொகுப்புகள் 'வட்டை மறைகுறியாக்கவா?' என்று கேட்கின்றன. அது செய்யப்படாத இயந்திரமாயின், பழுது பார்க்கக் கொடுக்குமுன் வட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக் கொள்ளுங்கள். திரையோ விசைப்பலகையோ பழுதானால் அதைச் சீர் செய்ய உங்கள் வட்டு அவர்களுக்குத் தேவைப்படாது. கேட்டால் தயங்காமல் மறுக்கலாம்.

படி எடுத்து வைப்பதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அனுமதி முறை எவ்வளவு செம்மையாயினும், வட்டு பழுதுற்றால் கணக்கு போய்விடும். இன்ஷா அல்லாஹ், அதனை அடுத்த இதழில் காண்போம்.

புதிதாகப் பிறக்கும் கோப்புக்கு என்ன அனுமதி என்பதை 'யூமாஸ்க்' என்னும் எண் முடிவு செய்கிறது. எந்த அனுமதிகளைத் தரலாகாது என்பதை அது குறிக்கும். அது 022 ஆயின் புதுக்கோப்பு 644 ஆகவும் புதுக்கோப்புறை 755 ஆகவும் பிறக்கும். அதாவது அதே கணிப்பொறியில் நுழையும் யாரும் வாசிக்கலாம். 077 ஆயின் 600, 700. உபுண்டு லினக்ஸில் ஒவ்வொருவரின் இல்லக் கோப்புறையும் பல்லாண்டுகள் 755 ஆகவே அமைக்கப்பட்டு வந்தது. 2021 ஏப்ரலில் வெளியான 21.04 பதிப்பு முதல்தான் 750 ஆயிற்று. பழைய பதிப்பை வைத்திருப்போர், அல்லது பழையதிலிருந்தே படிப்படியாக ஏறி வந்தோர், தம் இல்லக் கோப்புறைக்கு ஒரு முறை 'சிஎச்மோட் 750' இட்டுவிடலாம். தமக்கு மட்டும் போதும் என்போர் 700 இடலாம். பொதுக் கோப்புறையில் எல்லாரும் சேர்ந்து திருத்த வேண்டிய கோப்புகள் இருப்பின் அவர்களின் யூமாஸ்க் 007 ஆக இருக்க வேண்டும். 022 இருந்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கத்தான் முடியும்.

உங்கள் கோப்புகளில் யாரும் எழுதத்தக்கவாறு திறந்து கிடப்பவை எவையென அறிய ஒரு கட்டளை போதும். இல்லக் கோப்புறையில் இருந்துகொண்டு இதனை இடுங்கள்:

ஃபைண்ட் . -டைப் எஃப் -பெர்ம் -002

ஃபைண்ட், டைப், பெர்ம் மூன்றும் ஆங்கிலச் சிற்றெழுத்தில். ஃபைண்டுக்குப் பின் இடைவெளியும் ஒரு புள்ளியும். திரையில் எதுவும் வரவில்லையெனில் அத்தகைய கோப்பு ஒன்றுமில்லை. பெயர்கள் வந்தால் ஒவ்வொன்றாகப் பார்த்து, அவசியமற்றவற்றுக்கு 'சிஎச்மோட் ஓ-டபிள்யூ' இட்டு வாருங்கள். சகோதரியார் இதனை முதலில் தம் பெயரில் நுழைந்து செய்துவிட்டு, பின்னர் பிள்ளைகளையும் அவரவர் பெயரில் செய்யச் சொல்லலாம். இளையவனுக்கு அருகிலிருந்து காட்டிக் கொடுத்தால் அவனே மற்றவர்க்குச் செய்து தருவான்.